ஞாயிறு ஓட்டத்தில் வரும் கோளாறுகள்: எங்கே வலிக்கிறது, எதைப் பார்க்க வேண்டும்

ஞாயிறு காலை ஓட்டம் முடிந்து பெசன்ட் நகரில் இளநீர் வண்டியைச் சுற்றி நிற்கும்போது, "அண்ணா, முட்டி வலிக்குது, என்ன ஷூ வாங்கலாம்?" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. உடனே நாலு பேர் நாலு ஷூ பெயர் சொல்வார்கள். வலி முட்டியில் எந்தப் பக்கம், எத்தனையாவது கிலோமீட்டரில் வந்தது என்று மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நானும் அப்படிக் கேட்காமல் ஷூவாக வாங்கிக் குவித்தவன்தான். டாக்டர் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பத்து வருஷமாக ஓடி, கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதியை நானே வரவழைத்துக்கொண்டவன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்று கேள்வி. கடந்த மூன்று வாரத்தில் என்ன மாறியது? ஷூவா, தூரமா, வேகமா, சாலையா, தூக்கமா? அடுத்து, ஓட்டத்தின் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது? மூன்றாவது, நடக்கும்போதும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை தலைகாட்டும் கோளாறு பெரும்பாலும் செவ்வாய் புதன் வாக்கிலேயே தொடங்கியிருக்கும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறன்று மட்டும் 16 கி.மீ. ஓடுகிறவருக்குக் கோளாறே அந்த அட்டவணைதான். அவர் கீழே படிக்க வேண்டியதில்லை. நடுவில் இரண்டு நாள் அரை மணி நேரம் ஓடினால் போதும்.

உடனே நிற்க வேண்டியவை

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல்: இவற்றில் எது வந்தாலும் அங்கேயே நில்லுங்கள். "வாயுதான் சார், ஏப்பம் விட்டால் சரியாகிவிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூட ஓடுகிறவர் தள்ளாடுகிறார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் அது வெப்பத்தாக்காக இருக்கலாம். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நிலை அது. வியர்வை நின்றிருக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஓட்டக்காரர்களுக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே வெப்பத்தாக்கு வரும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அது வரும்வரை காத்திராமல் அவரை நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற குளிர்ந்த நீரை எல்லாம் உடம்பு முழுக்க ஊற்றி விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

எலும்பின் மேல் ஒரே ஒரு புள்ளி, விரல் நுனியால் அழுத்தினால் சுருக்கென்கிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். அதற்கு எலும்பு மருத்துவர்தான். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு என்பதால், எக்ஸ்ரே சுத்தம் என்ற ஒரே தைரியத்தில் ஓடிவிடாதீர்கள்.

மூன்றாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்குகிறது

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நுரையீரலில் கோளாறு என்று பயம் வந்துவிடும். முக்கால்வாசி நேரம் விஷயம் வேறு: நீங்கள் அடுத்தவர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். குழு ஓட்டத்தின் சுகமும் அதுதான், வம்பும் அதுதான். பேச்சு சுவாரசியத்தில் கி.மீ.க்கு 7:30 நிமிடத்தில் ஓட வேண்டியவர் 6:30 கூட்டத்தோடு போய்விடுவார்.

சோதனை எளிது. ஓடிக்கொண்டே நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று முழு வாக்கியமாகச் சொல்லிப்பாருங்கள். "தோசை... ரெண்டு... சட்னி..." என்று வந்தால் வேகம் அதிகம். பின்னால் வருகிற கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளுங்கள். அங்கே பேச்சு இன்னும் நன்றாக இருக்கும்.

வேகத்தைக் குறைத்தும் இளைப்பு நிற்கவில்லை, மூச்சில் விசில் சத்தம் அல்லது ஓடி முடித்த பின் வறட்டு இருமல் என்றால் உடற்பயிற்சியால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, முகம் வெளிறியிருக்கிறது என்றால் இரத்தப் பரிசோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஆண்களுக்கு 13 கிராமுக்கும் பெண்களுக்கு 12 கிராமுக்கும் கீழே போனால் இரத்தசோகை. உடம்பின் இரும்புச்சத்து சேமிப்பைக் காட்டும் ஃபெர்ரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்து சேமிப்பு தீர்ந்திருக்கலாம். எங்கள் குழுவில் ஒரு அக்கா ஆறு மாதம் பயிற்சித் திட்டத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் பிரச்சினை அங்கேதான் இருந்தது.

வாட்சில் துடிப்பு 176. ஆனால் சாதாரணமாகப் பேச முடிகிறது

பயப்படாதீர்கள். வாட்ச் இதயத்தை விட்டுவிட்டு உங்கள் காலடியை எண்ணிக்கொண்டிருக்கிறது. மணிக்கட்டு வாட்ச் தோலுக்குள் பச்சை ஒளியைச் செலுத்தி இரத்தம் பாயும் ஏற்ற இறக்கத்தைப் படிக்கிறது. பட்டை தளர்வாக இருந்தால் கை ஆடும் தாளம் அதில் கலந்துவிடும். நிமிடத்துக்கு 170 முதல் 180 அடி வைத்து ஓடுகிறவருக்குத் துடிப்பும் அதே எண்ணாகத் தெரியும். வாட்சிலேயே கேடன்ஸ், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டே போனால் சந்தேகமில்லை.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, பட்டையை ஒரு ஓட்டை இறுக்குங்கள். வியர்வையையும் சன்ஸ்கிரீனையும் துடையுங்கள். அப்படியும் அடங்கவில்லை என்றால் மார்புப் பட்டைதான் வழி. 220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கையும் ரொம்ப நம்ப வேண்டாம். அது கூட்டத்துக்கான சராசரி; தனி ஆளுக்குப் பத்துப் பதினைந்து துடிப்பு இப்படி அப்படி இருக்கும்.

வேகம் அதேதான், ஆனால் நாற்பது நிமிடத்துக்குப் பிறகு துடிப்பு மெல்ல மெல்ல ஏறுகிறது என்றால் அது வாட்ச் கோளாறு இல்லை. உடம்பைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்குப் போகிறது, வியர்வையில் நீர் குறைகிறது, இதயம் கூடுதலாக அடிக்கிறது. வெயில் காலத்தில் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பார்த்து ஓடுங்கள்.

ஒரே பாதை, ஆளுக்கொரு தூரம்

ஒருவர் வாட்ச் 10.0, இன்னொருவருடையது 10.3, மூன்றாமவருக்கு 9.8. இதை வைத்து இளநீர் வண்டி அருகில் அரை மணி நேரம் சண்டை போடலாம், போட்டிருக்கிறோம். அடையாறு காந்தி நகர் மாதிரி மரம் மூடிய தெருக்களிலும், மேம்பாலத்துக்கு அடியிலும், பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவிலும் செயற்கைக்கோள் சைகை தடுக்கப்படும் அல்லது எதிரொலித்து வரும். வாட்ச் உங்களைப் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஓடவிடும். கிளம்புவதற்கு முன் திறந்த வெளியில் ஒன்றிரண்டு நிமிடம் நின்று சைகை முழுதாகப் பிடித்த பிறகு பொத்தானை அழுத்துங்கள். பாதிக் கோளாறு போய்விடும்.

பந்தயத்தில் 21.1 கி.மீ. இருக்க வேண்டிய அரை மாரத்தான் 21.3 காட்டியது, அமைப்பாளர்கள் தூரத்தைக் கூட்டிவிட்டார்கள் என்ற புகார் வேறு வகை. முறையாகச் சான்று பெற்ற பாதையைச் சைக்கிள் சக்கரத்தில் பொருத்திய எண்ணி வைத்து அளக்கிறார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுக்கான கோட்டில் அளந்து, குறைந்துபோகக் கூடாது என்பதற்காகக் கி.மீ.க்கு ஒரு மீட்டர் சேர்ப்பார்கள். அரை மாரத்தானுக்கு அது 21 மீட்டர். மிச்சமெல்லாம் நீங்கள் தண்ணீர் மேசைக்கும் போட்டோகிராபருக்கும் போய்வந்த தூரம்.

முட்டி வலி

முட்டி வலி என்று ஒரு நோய் கிடையாது. எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

முட்டிச் சில்லுக்குப் பின்னால் அல்லது சுற்றி மந்தமான வலி. மாடிப்படி இறங்கும்போதும், தியேட்டரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடுகிறது. இது சில்லுக்கும் தொடை எலும்புக்கும் இடையிலான வலி. தூரத்தை ஒரேயடியாக ஏற்றியவர்களுக்கும், தொடை, இடுப்புத் தசை வலுவில்லாதவர்களுக்கும் வரும். கைவைத்தியமாக நான் முதலில் சொல்வது அடியைச் சிறிதாக்குவது. அதே வேகத்தில் நிமிடத்துக்கான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முட்டி மேல் விழும் சுமை குறையும். 160 அடி வைப்பவர் 170 வைத்தால் போதும். எல்லாரும் 180-ஐப் பிடிக்க வேண்டும் என்று சட்டமில்லை. கூடவே வாரம் மூன்று நாள் பாதி உட்காரல், பக்கவாட்டில் படுத்துக் கால் தூக்குதல். சலிப்பான வேலைதான். அதனாலேயே யாரும் செய்வதில்லை, அடுத்த வருஷமும் அதே வலியோடு வருகிறார்கள்.

முட்டியின் வெளிப்பக்கம் வலி. முதல் ஐந்து கிலோமீட்டர் ஒன்றுமே தெரியாது, அப்புறம் கத்தி சொருகியதுபோல வந்து நிற்க வைத்துவிடும், நடந்தால் அடங்கும். ஓட்டக்காரர்கள் ஐடி பேண்ட் என்று சொல்வது இதுதான்; இடுப்பிலிருந்து தொடையின் வெளிப்பக்கமாக முட்டி வரை இறங்கும் நார்ப்பட்டையின் பெயர் அது. எனக்கு வந்தபோது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு ஞாயிறும் போகும்போதும் வரும்போதும் என் வலது கைப்பக்க ஓரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தேன். மழைநீர் வடிவதற்காகச் சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். போகும்போது வலது ஓரம், திரும்பும்போது அதே சரிவு மறுபடி வருகிற மாதிரி எதிர்ப்பக்க வலது ஓரம் என்று இரண்டு மாதம் ஓடினால், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கிறது என்று அர்த்தம். போன ஓரத்திலேயே திரும்பி வரும்படி மாற்றினேன். சென்னையில் மேடு என்றால் பாலம்தான். பாலம் இறங்குவதையும் ஆறு வாரம் விட்டேன். இரண்டில் எது குணமாக்கியது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் போய்விட்டது. இந்த வலியோடு பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி முடிப்பதில் மட்டும் பயனே இல்லை. வந்த இடத்திலேயே நின்று ஆட்டோ பிடியுங்கள்.

முட்டி வீங்கியிருக்கிறது, பூட்டிக்கொள்கிறது, மடங்கி விழப்பார்க்கிறது என்றால் கைவைத்தியம் வேண்டாம், எலும்பு மருத்துவர். காய்ச்சலுக்குப் பின் இரண்டு முட்டியும் மணிக்கட்டும் சேர்ந்து வலிக்கிறது என்றால் ஓட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். சிக்குன்குனியாவா என்று பாருங்கள்.

முட்டிக்குக் கீழே

முன்னங்கால் எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவிய வலி, ஓட ஓடக் கொஞ்சம் குறைவது: புதிதாக ஓடத் தொடங்கியவர்களின் ஆஸ்தான நோய். தூரத்தைப் பாதியாக்கி, சிமென்ட் தரையை விட்டு மண் பாதைக்குப் போங்கள். பரவிய வலி சுருங்கி ஒரே புள்ளிக்கு வந்தால் மேலே முதல் பகுதியில் சொன்னதுதான்.

காலையில் கட்டிலிலிருந்து முதல் அடி வைத்ததும் குதிகாலுக்கு அடியில் ஆணி குத்துவதுபோல இருந்தால் பாதத்தின் அடிநார் அழற்சி. வீட்டுக்குள் வெறுங்காலோடு மார்பிள் தரையில் நடப்பதை நிறுத்தி மெத்தென்ற செருப்பு போடுங்கள். கெண்டைக்காலை நீட்டுங்கள், உறைந்த தண்ணீர் பாட்டிலைப் பாதத்துக்கு அடியில் உருட்டுங்கள். மாதக்கணக்கில் இழுக்கும், பொறுமை வேண்டும்.

வலி குதிகாலின் பின்புறம், மேலே நரம்பு மாதிரி விறைத்த இடத்தில் என்றால் அது குதிநாண் (அகில்லெஸ்). குதிகால் உயரம் குறைந்த ஷூவுக்குத் திடீரென்று மாறியவர்களுக்கு இது எளிதில் வரும். ஷூவில் குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் 10 மி.மீ. இருந்ததிலிருந்து 4 மி.மீ.க்கு ஒரே வாரத்தில் மாறினால் மிச்ச வேலையைக் கெண்டைக்கால் செய்ய வேண்டியிருக்கிறது. 1998-இல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட பயிற்சி இன்றைக்கும் செல்லுபடியாகிறது. படிக்கட்டு விளிம்பில் நின்று, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கிற காலால் மெதுவாகக் குதிகாலைக் கீழே இறக்க வேண்டும். முட்டி நேராக வைத்து 15 தடவை மூன்று சுற்று, லேசாக மடக்கி 15 தடவை மூன்று சுற்று. காலை மாலை இரண்டு வேளை, 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை என்றால் தலை சுற்றும்தான். பல் தேய்க்கும் நேரத்தில் பாதியை முடித்துவிடலாம்.

நகம் கறுத்துவிட்டது, விரல் மரத்துப்போகிறது

ஷூ அளவு. கடையில் காலை பதினோரு மணிக்குப் போட்டுப் பார்த்து வாங்குகிறோம். ஓடும்போதோ கால் வீங்கும். சாயங்காலம், ஓடும்போது போடும் அதே சாக்ஸோடு போய், நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். என் ஆபீஸ் செருப்பு 8, ஓடும் ஷூ 9. இடம் இருந்தும் பாதம் முன்னால் சறுக்கி நகம் இடிக்கிறது என்றால், மேலே யாரும் தொடாமல் விடும் அந்தக் கடைசி ஓட்டையைப் பயன்படுத்துங்கள். லேஸை அதே பக்கத்துக் கடைசி ஓட்டையில் விட்டுச் சின்ன வளையம் செய்து, எதிர்ப்பக்க முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது. நடுப்பாதம் மரத்துப்போனால் நேர் எதிர்: அங்கே லேஸைத் தளர்த்துங்கள்.

ஷூ ஆயுள் 500 முதல் 800 கி.மீ. அடிப்பாகம் தேய்வதற்கு முன்பே நடுவில் இருக்கும் நுரை செத்துவிடும். கார்பன் தகடு வைத்தது வேண்டுமா என்று ஐந்து கி.மீ. ஓடுகிறவர்களும் கேட்கிறார்கள். வாரம் ஒருநாள் ஓட்டத்துக்கு அது தண்டச்செலவு என்பது என் கட்சி. நவம்பர் மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காய வைத்தால் பசை விட்டுவிடும். இன்சோலை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள்.

பதினைந்தாவது கிலோமீட்டருக்கு மேல் கால் கனக்கிறது, தலை வலிக்கிறது, வயிறு புரட்டுகிறது

மூன்றும் வேறு வேறு. கால் மட்டும் கனத்து, மனசும் சோர்ந்தால் எரிபொருள் தீர்ந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடுவதென்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஓடும்போது உறிஞ்சிச் சாப்பிடும் ஒரு எனர்ஜி ஜெல் பொட்டலத்தில் 20–25 கிராம். நடுத்தர மோரிஸ் வாழைப்பழத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கடலைமிட்டாய் ஓடி முடித்ததும் சாப்பிட அருமை. ஓட்டத்துக்கு நடுவில் அதன் கொழுப்பு வயிற்றிலேயே நின்றுவிடும்.

தலைவலி, நா வறட்சி, சிறுநீர் கெட்டியான மஞ்சள் என்றால் நீர் குறைவு. ஆனால் தலைவலியோடு வாந்தி, மோதிரம் இறுகும்படி விரல் வீக்கம், ஓடும் முன்பைவிட எடை கூடியிருக்கிறது என்றால் நீர் அதிகமாகி இரத்தத்தில் சோடியம் குறைந்திருக்கிறது. மெதுவாக ஓடி எல்லா மேசையிலும் நின்று குடிப்பவர்களுக்கு வரும் ஆபத்து இது. இன்னும் தண்ணீர் கொடுத்தால் மோசமாகும். மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்பதை வீட்டிலேயே கணக்கிடலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடம்பைத் துடைத்து எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததைக் கூட்டிக்கொள்ளுங்கள். மே மாதத்தில் எனக்கு 1.4 லிட்டர் வந்தது, ஜனவரியில் அதில் பாதி சொச்சம். போன அளவு முழுவதையும் ஓட்டத்திலேயே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடித்து, மிச்சத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இளநீர் வண்டிக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது: இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம். உப்பு போட்ட நீர்மோர் இந்த வேலையை நன்றாகச் செய்யும். ஓ.ஆர்.எஸ். வாங்கினால் மருந்துக்கடைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அதன் உலக சுகாதார நிறுவன அளவு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ்.

வயிற்றுப் புரட்டல் மட்டும் என்றால் முந்தின ராத்திரியை விசாரியுங்கள். பரோட்டா, சால்னா என்று பதில் வரும்.

உரசல்

அக்குள், தொடை, ஆண்களுக்கு மார்க்காம்பு. பருத்தி பனியனைத் தூக்கி வைத்துவிட்டு, கிளம்பும் முன் வாசலைனோ தேங்காய் எண்ணெயோ. மார்க்காம்புக்கு மருந்துக்கடைப் பேப்பர் டேப். அவ்வளவுதான். குளிக்கும்போது கத்தியவர்கள் மறுவாரம் மறக்க மாட்டார்கள்.

ஆறு மாதமாக நேரம் குறையவே இல்லை

எந்த ஆறு மாதம் என்று பாருங்கள். ஜனவரி நேரத்தை ஜூனோடு ஒப்பிட்டால் எல்லாருக்கும் பின்னடைவுதான். ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்துதான் போகும், உடம்பு குளிராது. மே கடைசியில் சென்னையில் 5:45-க்கெல்லாம் சூரியன் வேறு வந்துவிடும். போன ஜூனோடு இந்த ஜூனை வைத்துப் பாருங்கள். வெயிலுக்கு உடம்பு பழக இரண்டு வாரம் ஆகும். கத்திரி தொடங்கிய முதல் ஞாயிறே சாதனை எதுவும் வேண்டாம்.

மாதமும் சரி, நேரம்தான் நகரவில்லை என்றால் உங்கள் எல்லா ஓட்டமும் ஒரே வேகமா என்று பாருங்கள். பெரும்பாலானோரின் ஈஸி ரன் ஈஸியாக இருப்பதில்லை, வேக ஓட்டம் வேகமாகவும் இருப்பதில்லை. நாலில் மூன்று ஓட்டத்தைப் பேசிக்கொண்டே ஓடி, ஒன்றை மட்டும் உண்மையிலேயே கடினமாக ஓடிப்பாருங்கள்.

காய்ச்சல் முடிந்து ஓட்டத்துக்குத் திரும்பும்போது

டெங்கு, வைரல் காய்ச்சல் எதுவானாலும் மாத்திரை இல்லாமல் காய்ச்சல் விட்டுப் பத்து நாள் போகட்டும். காலையில் எழுந்ததும் படுத்தபடியே நாடி பாருங்கள். வழக்கத்தைவிடப் பத்துத் துடிப்பு அதிகமென்றால் இன்னும் சில நாள். முதல் வாரம் நடை மட்டும். அடுத்த வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, அரை மணி நேரம். மூன்றாவது வாரம் அதைத் தலைகீழாக்குங்கள். நான்காவது ஞாயிறு குழுவுக்கு வரலாம், ஐந்து கி.மீ.க்கு, கடைசிக் கூட்டத்தோடு. "என்ன சார், ஆளையே காணோம், வாங்க பத்து போகலாம்" என்று முன்வரிசையில் ஒருவர் நிச்சயம் கூப்பிடுவார். இளநீர் வண்டிக்கிட்ட பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.